பழைய பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கக் கூடுதல் டேங்க் வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஏறத்தாழ இருபது வயதான டீசல் பிக்கப், 70 லிட்டர் டேங்க். வெறுமனே ஓட்டினால் குறை இல்லை. டிரெய்லரை மாட்டிவிட்டால் 350 கிலோமீட்டருக்குள் பங்க்கைத் தேட வேண்டியிருக்கிறது. பெரிய டேங்க் போடலாமா, இரண்டாவது டேங்க் வைக்கலாமா?

வைக்கலாம். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் புது டேங்குக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் பழைய டேங்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். என் வண்டி முள் கால் பங்கு காட்டும்போதே மேட்டில் திணறி நின்றுவிடும். மீட்டர் பொய் சொல்கிறது என்று பல மாதம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். டேங்கை இறக்கிய அன்றுதான் தெரிந்தது, மீட்டர் சொன்னது உண்மை. டீசலை உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பாதம் உடைந்து டேங்கின் தரையில் கிடந்தது. குழாயின் வாய் தரைக்கு மேலே தொங்கியதால் கடைசி 15 லிட்டர் எனக்குக் கிடைக்கவே இல்லை. பாதத்தை மாற்றினேன், வலைவடிகட்டியைக் கழுவினேன். டிரெய்லருடன் 80 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியது.

இன்னொரு செலவில்லாத வழியும் உண்டு, யாருக்கும் பிடிக்காது: மெதுவாகப் போவது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 110 கிலோமீட்டரிலிருந்து 90-க்கு இறங்கினாலே அந்தத் தடை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். உயரமான, பெட்டி போன்ற டிரெய்லர் என்றால் வித்தியாசத்தை முதல் டேங்கிலேயே உணரலாம்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் கூடுதல் டேங்குக்கு வருவோம். எல்லாரும் லிட்டரைத்தான் கேட்கிறார்கள், கிலோவை யாரும் கேட்பதில்லை. ஒரு லிட்டர் டீசல் சுமார் 0.84 கிலோ. 100 லிட்டர் 84 கிலோ, இரும்பு டேங்கும் தாங்கிப் பட்டைகளும் சேர்ந்தால் 120 கிலோவைத் தொடும். உங்கள் வண்டி 750 கிலோ சுமக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரும் பெட்டி படுக்கையும் 350 கிலோ. 2,500 கிலோ டிரெய்லர் என்றால் அதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் இறங்கும். குறைந்த கணக்கில் 250 கிலோ. அதுவும் வண்டியின் சுமைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிச்சம் 150. டேங்க் அதில் 120-ஐ விழுங்கிவிட்டால் ஸ்பானர் பெட்டிக்கும் ஜாக்கிக்கும் 30 கிலோ இருக்கிறது.

அடுத்தது இடம். நான் முதலில் செய்த தவறு இங்கேதான். ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் அழகாகப் பொருந்துகிறது என்று பின்புறம் ஒரு டேங்கை மாட்டினேன். அந்த இடம் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் 80 கிலோ தொங்கினால், சக்கர இடைவெளி 3.2 மீட்டர் உள்ள வண்டியில் பின் அச்சின் மேல் 105 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 25 கிலோ குறையும். தராசுத் தட்டு போலத்தான். கொக்கியும் அதே பக்கம் அழுத்துவதால் முன் சக்கரங்கள் மேலும் இளகும், ஸ்டியரிங் காற்றில் மிதப்பது போலாகும், ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினேன்; பார்வைக்குச் சரியானது, எடை அங்கேயேதான் இருந்தது. ஸ்டெப்னி வேறு, சாமான் ஏற்றும் பின் தொட்டிக்குள் உருண்டுகொண்டு வந்தது.

இப்போது இருப்பது பழைய டேங்கின் இடத்திலேயே, இரண்டு சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவில், பின் அச்சுக்கு முன்னால் அமரும் நீளமான டேங்க். எடை இரண்டு அச்சுக்கும் பிரிகிறது, புதிய குழாய் எதுவும் தேவைப்படவில்லை, மீட்டரும் பழையதே. உங்கள் மாடலுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். சேஸிஸ் சட்டத்துக்கு வெளியே, கதவுக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறதே என்று மட்டும் பார்க்காதீர்கள். 1973 முதல் 1987 வரை ஜெனரல் மோட்டார்ஸ் செய்த பெரிய பிக்கப்களில் டேங்க் அப்படித்தான் சட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தது. பக்கத்திலிருந்து மோதும்போது தீப்பிடிக்கிறது என்று பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன.

நடுவில் இடம் இல்லை என்றால் பின் தொட்டிக்குள், கேபினை ஒட்டி வைக்கும் டேங்க். டிரெய்லரின் கழுத்து தொட்டிக்குள்ளேயே அமரும் வகை என்றால், முழுதாக வளைத்துத் திருப்பும்போது அது டேங்கில் இடிக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

இந்த டேங்கிலிருந்து டீசலைக் கீழே உள்ள வண்டியின் சொந்த டேங்குக்கு இறக்க இரண்டு வழிகள். ஒன்று, தானாக வழிவது. எளிது, ஆனால் கீழே எங்காவது ஹோஸ் வெடித்தால் மேலிருப்பது மொத்தமும் சாலைக்கு வந்துவிடும். அடைப்பு வால்வு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மேல் டேங்க் காலியாகும்வரை மீட்டர் முள் நிரம்பியே நிற்கும், பிறகு திடீரென்று இறங்கத் தொடங்கும்; பழகாதவர்கள் பதறிவிடுவார்கள். இன்னொன்று, சிறிய பம்பும் சுவிட்சும். எனக்கு இதுதான் பிடித்தது. ஒருமுறை சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்து, கீழ் டேங்க் நிரம்பி, காற்றுக்குழாய் வழியே டீசல் சாலையில் வழிந்தது. பின்னால் இருசக்கர வண்டி எதுவும் வராதது என் நல்ல நேரம். அன்றைக்கே டைமர் வாங்கினேன். பம்ப் நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளினால், 40 லிட்டருக்கு 20 நிமிடம், தானே நின்றுவிடும்.

சுவிட்ச் மாற்றி இரண்டு டேங்கிலிருந்தும் நேராக எஞ்சினுக்கு எடுக்கும் முறையும் உண்டு. ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப்கள் பல, 1990களின் நடுப்பகுதி வரை இரட்டை டேங்குடனேயே வந்தன. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டீசல் எஞ்சின் எடுத்ததையெல்லாம் எரிப்பதில்லை; மிச்சத்தை ரிட்டன் குழாய் வழியே திருப்பி அனுப்புகிறது. மாற்றும் வால்வு போகும் குழாயை மட்டும் மாற்றி, திரும்பும் குழாயை விட்டுவிட்டால், ஒரு டேங்கிலிருந்து குடித்து இன்னொரு டேங்கை நிரப்பிக்கொண்டே போவீர்கள், அது வழியும்வரை. இரண்டையும் சேர்த்து மாற்றும் ஆறு துளை வால்வு கேட்டு வாங்குங்கள். மீட்டரும், டேங்குக்குள் டீசல் அளவை அதற்குச் சொல்லும் மிதவையும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பாருங்கள். மிதவையின் மின்தடை அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. மாறினால் முள் தலைகீழாகக்கூட ஓடும்.

பட்டறையில் செய்யச் சொல்வதானால் சிலவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு போன்ற படிவை உண்டாக்கும், அது ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும், இல்லையென்றால் பாதி நிரம்பிய டேங்க் ஒவ்வொரு பிரேக்கிலும் உங்களைப் பின்னாலிருந்து தள்ளும். காற்றுக்குழாயும் வண்டி கவிழ்ந்தால் அதை மூடும் வால்வும் கட்டாயம். விளிம்புவரை நிரப்பாதீர்கள்: 20 டிகிரி சூடு ஏறினால் 100 லிட்டர் டீசல் ஒன்றரை லிட்டருக்கு மேல் விரியும். ஏற்கெனவே எரிபொருள் இருந்த டேங்கில் வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

பெட்ரோல் வண்டிக்கு இவற்றில் எதையும் அப்படியே செய்ய வேண்டாம். தொட்டிக்குள் பெட்ரோல் டேங்க் வைப்பது பல இடங்களில் சட்டப்படியே கூடாது. டீசலுக்கும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 100 லிட்டர் கேட்க மாட்டேன், 50 போதும். அதுவே இன்னொரு 250 கிலோமீட்டர். முதல் முறை நிரப்பியதும் ஆட்களையும் சாமானையும் ஏற்றி, டிரெய்லரையும் மாட்டி, எடைமேடையில் பின் அச்சை மட்டும் தனியே நிறுத்தி எடை பாருங்கள். பின் அச்சு இவ்வளவு தாங்கும் என்று கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைத் தாண்டினால், இறக்க வேண்டியது எது என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.