ஜப்பான் வெந்நீர்க் குளங்களில் இறங்கலாமா?

கேள்வி: வரும் ஏப்ரலில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஒசாகா என்று திட்டம். ஹகோனேயில் ஓர் இரவு வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கலாம் என்கிறார் என் கணவர். ஒன்சென் என்னும் அந்த வெந்நீர்க் குளத்தில் குளிக்காமல் திரும்பினால் ஜப்பான் போனதே வீண் என்று அவருடைய நண்பர்கள் சொல்கிறார்களாம். ஆனால் உடம்பில் துணியே இல்லாமல் எல்லோர் முன்னாலும் குளிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கூடவே 66 வயது மாமியாரும் 14 வயது மகளும் வருகிறார்கள். மாமியார் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சுத்த சைவம். முன்கையில் பச்சை குத்தியிருக்கிறார். பச்சை குத்தியவர்களை உள்ளேயே விட மாட்டார்களாமே? நாங்கள் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரி,

ஒன்சென்னில் குளிக்காவிட்டால் ஜப்பான் போனதே வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நாட்டில் சில ஆண்டுகள் குடியிருந்தவள் நான். வெந்நீர்க் குளம் என்றால் எனக்கு உயிர். அப்படியிருந்தும் சொல்கிறேன், யாரோ சொன்னார்கள் என்பதற்காக இறங்கினால் அதில் ஒரு சுகமும் இருக்காது. பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது, உங்களுக்கு ஆசை இருக்கிறது, எப்படி என்றுதான் தெரியவில்லை என்று பட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கூச்சம் யாரை நினைத்து? முன்பின் தெரியாத ஜப்பானியப் பெண்களையா, மாமியாரையா? இதே கேள்வியை என்னிடம் கேட்ட நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் கடைசியில் தடையாக நின்றது சொந்தக்காரர்கள்தான். தெரியாதவர்கள் நடுவே கொஞ்ச நேரத்தில் கூச்சம் தானாக விட்டுப்போகும். காலையில் எழுந்ததும் முகம் பார்த்துப் பேச வேண்டிய மாமியார் முன்னால் அது லேசில் போகாது. அவருக்கும் மருமகள் முன்னால் அதே சங்கடம் இருக்கும். ஆகவே மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பிப் போகாதீர்கள். விடுதிக் குளியலறை சாயங்காலம் தொடங்கி இரவு வெகுநேரம் வரை திறந்திருக்கும், விடிகாலையிலும் திறப்பார்கள். ஆளுக்கொரு நேரமாகப் போய் வரலாம். விடுதியில் மற்றவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் குளம் கிட்டத்தட்ட காலியாகவே இருக்கும்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கும் இடங்கள் இன்று மிகக் குறைவு. அகிதா மலைப்பக்கத்து ட்சுருனோயு விடுதி போல, அதைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் அவை. ஹகோனே விடுதியில் பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி. வாசலில் திரைத்துணி தொங்கும், பெரும்பாலும் பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்கு நீலம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பல விடுதிகளில் இரவோடு இரவாக இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், எல்லா விருந்தாளிகளும் இரண்டு குளத்தையும் பார்க்கட்டும் என்று. நேற்று சாயங்காலம் போன கதவு இன்று காலை ஆண்களுடையதாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

உள்ளே நடப்பதைச் சொல்லிவிட்டால் உங்கள் பயம் பாதி குறையும். உடை மாற்றும் அறையில் எல்லாத் துணியையும் கூடையில் போட்டுவிட்டு, கையகலத் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நடக்கும்போது அதை முன்னால் பிடித்துக்கொள்ளலாம், ஜப்பானியர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். கதவைத் திறந்ததும் நீராவி முகத்தில் அடிக்கும். சுவர் ஓரமாக வரிசையாய் முக்காலிகள், ஒவ்வொன்றின் முன்னும் கண்ணாடி, கை ஷவர், சோப்பு, ஷாம்பு. எல்லாப் பெண்களும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி தேய்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களைப் பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை, அப்படிப் பார்ப்பது அங்கே மரியாதையும் இல்லை. சின்ன வயதிலிருந்து அம்மா, பாட்டியோடு, அப்புறம் பள்ளிச் சுற்றுலாவில் தோழிகளோடு என்று இப்படியே குளித்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

அந்த முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகுதான் குளத்தில் கால் வைக்க வேண்டும். ஒன்சென்னில் தளர்த்தவே முடியாத விதி என்றால் இதுதான். குளம் ஊறுவதற்கு மட்டும், அந்தத் தண்ணீர் எல்லோருக்கும் பொது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வழக்கம் இருந்தால் ஷாம்பு போட்டு அலசிவிட்டு, முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முடிகூட நீரில் மிதக்கக் கூடாது. மஞ்சள் பூசியிருந்தால் அதையும் கழுவிவிட வேண்டும். நின்றுகொண்டு ஷவர் அடித்தால் பக்கத்திலிருப்பவர் மேல் தெறிக்கும் என்பதால்தான் முக்காலி. சின்னத் துண்டை நீரில் நனைக்காமல் மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். முங்குவதும் நீந்துவதும் வேண்டாம். வெளியே வரும்போது அதே துண்டைப் பிழிந்து உடம்பை ஒற்றிவிட்டு உடை மாற்றும் அறைக்குள் போங்கள், அங்கே தரை ஈரமாகக் கூடாது. கைப்பேசிக்கு உள்ளே இடமே இல்லை. அதனால் எத்தனை மணிக்கு வெளியே சந்திப்பது என்று கணவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பயண நூல்களில் வராத ஒன்று, நம் நகை. ஹகோனேயில் ஓவாகுதானி என்ற எரிமலைப் பள்ளத்தாக்கில் கருப்பு முட்டை விற்பார்கள். ஊற்று நீரில் வேகும்போது அதிலுள்ள இரும்பு ஓட்டில் படிந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடோடு சேர்ந்து கருத்துவிடும். அதே வாயு வெள்ளியையும் கருக்கும். அந்தப் பக்கத்து விடுதிகளில் கந்தக நீர் வருவதுண்டு, அழுகிய முட்டை வாடை அடித்தால் அதுதான். கொலுசையும் மெட்டியையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தங்கம் அப்படிக் கருக்காது, ஆனாலும் நகைத் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் கந்தக நீரில் நிறம் மங்கலாம். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால், கந்தகம் இல்லாத நீர் உள்ள விடுதியாகப் பார்ப்பது நல்லது. முன்பதிவின்போது கேட்டால் சொல்வார்கள்.

இனி உங்கள் மாமியாரின் பச்சை. யாகுசா என்ற குற்றக் கும்பல்காரர்கள் உடம்பு முழுக்கக் குத்திக்கொள்வார்கள், அவர்களைத் தள்ளி வைக்க வந்த தடை இது. ஜப்பான் சுற்றுலாத் துறை 2015-இல் விசாரித்தபோது, பதில் சொன்ன குளியல் இடங்களில் சுமார் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றன. இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் விதி ஆளைப் பார்ப்பதில்லை. 2013-இல் நியூஸிலாந்திலிருந்து மாநாட்டுக்கு வந்த ஒரு மவோரிப் பழங்குடிப் பெண்மணியை, முகத்தில் இருந்த பரம்பரைப் பச்சைக்காக ஹொக்கைடோவில் ஒரு குளியல் இடம் திருப்பி அனுப்பியது பெரிய செய்தியானது. 2016-இல் சுற்றுலாத் துறையே, வெளிநாட்டவர் விஷயத்தில் கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று நடத்துபவர்களைக் கேட்டுக்கொண்டது. தெற்கே ஒகினாவாத் தீவுகளின் பெண்களும் ஒரு காலத்தில் கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள்தான். அரசு 1899-இல் தடை போட்ட பிறகு, அந்த வழக்கம் பாட்டிகளின் கைகளோடு மறைந்தது. உங்கள் மாமியாரின் கைக்கோலத்துக்கும் குற்றத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவர் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆனாலும் வாசலில் நின்று வாதாடுவதைவிட முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நிம்மதி. பச்சை சிறியதென்றால் தோல் நிறத்து ஒட்டுத்தாள் போட்டு மறைத்தால் போதும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. கியோட்டோவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போகும் கினோசாகியில் ஏழு பொதுக் குளியல் இல்லங்கள் இருக்கின்றன. ஏழிலும் பச்சைக்குத் தடை இல்லை.

பச்சையை விடப் பெரிய கவலை அவருடைய ரத்த அழுத்தம். ஏப்ரலில் ஹகோனே மலைக்காற்று இன்னும் சில்லென்றிருக்கும். குளிரில் துணியைக் களைந்து, 41, 42 டிகிரி நீரில் சட்டென்று இறங்கினால் அழுத்தம் ஏறி இறங்கும். எழுந்திருக்கும்போது தலை சுற்றும். ஜப்பானின் நுகர்வோர் துறை தன் மக்களுக்கே சொல்வது, 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான். கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். டாக்டர் சரி என்றால், காலிலிருந்து மேலாக வெந்நீரை மொண்டு ஊற்றிப் பழக்கிவிட்டு இறங்கட்டும், மெதுவாக எழுந்திருக்கட்டும். சாப்பிட்ட உடனே போகக் கூடாது, தனியாக ஒருபோதும் விடக் கூடாது.

தனித்தனியாகப் போங்கள் என்று சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். அதற்குத்தான் தனிக் குளியலறை. பல விடுதிகளில் சிறிய குளியல் அறைகளை முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று ஒரே குடும்பத்துக்கு வாடகைக்குத் தருகிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். உங்கள் கணவர் துணையிருக்க உங்கள் மாமியார் தொட்டி ஓரத்தில் சேலையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் வரை விட்டு உட்கார்ந்தாலே போதும், கால் வலி கேட்கும். பச்சை யார் கண்ணிலும் படாது. உங்கள் குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்வது இதையே. அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டியுள்ள விடுதி இன்னும் வசதி, ஆனால் விலை நன்றாக ஏறும்.

அதுவும் தயக்கமாக இருந்தால், ஹகோனேயில் யுனெஸ்ஸன் என்ற இடத்தில் நீச்சலுடையோடு இறங்கும் பெரிய பகுதி உண்டு. மாமியாரின் பச்சைக்கு அங்கே தடை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நால்வரும் சேர்ந்தே போகலாம், மகளுக்கும் பிடிக்கும். ஹகோனே திறந்தவெளிச் சிற்ப அருங்காட்சியகத்தில் கால் மட்டும் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. முதல் நாள் அங்கே உட்கார்ந்து பார்த்தாலே, மேலே போகலாமா வேண்டாமா என்று உங்கள் உடம்பே சொல்லிவிடும்.

மகளை வற்புறுத்தாதீர்கள். அந்த வயதில் உடம்பைப் பற்றிய கூச்சம் நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு. அவளே வருகிறேன் என்றால் வரட்டும். மாதவிலக்கு நாட்களில் மட்டும் பொதுக் குளத்தில் இறங்கக் கூடாது, இதை அவளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தைரியம் வந்துவிட்டால், டோக்கியோவில் ஒரு சாயங்காலம் தெருமுனைப் பொதுக் குளியல் இல்லத்துக்குத் தனியாகப் போய்ப் பாருங்கள். சென்டோ என்பார்கள். பெரும்பாலும் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் விடுவார்கள், ஊற்று நீர் இல்லை. 2024 ஆகஸ்டில் டோக்கியோவில் பெரியவர்களுக்கான கட்டணம் 550 யென் ஆனது. நீர் நல்ல சூடு, பச்சைக்குப் பெரும்பாலும் தடை கிடையாது. சில இடங்களில் சுவர் முழுக்க ஃபூஜி மலை வரைந்திருக்கும், 1912-இல் கான்டா பகுதியில் ஒரு குளியல் இல்லத்தில் ஆரம்பித்த வழக்கம் அது. வேலை முடிந்து வந்த பெண்களும் கூன் விழுந்த பாட்டிகளும் ஊர்க்கதை பேசிக்கொண்டு ஊறிக்கிடப்பதைப் பார்க்கும்போது, வயதானால் உடம்பு இப்படித்தான் ஆகும், அதில் மறைக்க ஒன்றுமில்லை என்று எனக்குள் ஏதோ இளகியது உண்மை. பகட்டான எந்த விடுதியும் எனக்கு அதைக் கொடுத்ததில்லை.

விடுதியில் யுகாட்டா என்ற பருத்தி அங்கி கொடுப்பார்கள். இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேல் போட்டுக் கட்டுங்கள். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு.

சாப்பாட்டு விஷயத்தில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். விடுதி விருந்தில் காய்கறி, தோஃபு என்று சைவமாகத் தெரிவதிலும் காய்ந்த மீனில் எடுத்த சாறு இருக்கும். மீன், இறைச்சி, மீன் சாறு எதுவும் கூடாது, கடற்பாசிச் சாறு பரவாயில்லை என்று எழுத்தில் கேளுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது.

பணம் கட்டும் முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். தனிக் குளியலறை உண்டா, எவ்வளவு நேரம், தனிக் கட்டணமா, நீரில் கந்தகம் உண்டா, இந்தப் பச்சையோடு பொதுக் குளத்தில் இறங்கலாமா, சைவச் சாப்பாடு தர முடியுமா என்று கேட்டு, பச்சையின் படத்தையும் மாமியாரின் சம்மதத்தோடு இணையுங்கள். ஏப்ரல் செர்ரிப்பூ காலம், ஹகோனே அறைகள் வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும். இந்த வாரமே எழுதுங்கள்.