வழி குழம்பினால் நிறுத்திக் கேளுங்கள்

தம்பி, தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் ஒற்றை ஓடுபாதையைப் பார்த்து வளர்ந்தவருக்கு, விமானத்தை ஓட்டிக்கொண்டு சென்னையில் முதல்முறை இறங்கியதும் டாக்ஸிவேயில் (ஓடுபாதைக்கும் நிறுத்துமிடத்துக்கும் நடுவே விமானம் உருண்டு போகும் பாதை) வழி தப்பிவிடுமோ என்ற பயம் நியாயம்தான். அங்கே இரண்டு ஓடுபாதைகள் குறுக்கே வெட்டும்.

தரையில் விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொல்லும் தரைக் கட்டுப்பாட்டாளரிடம் கூச்சப்படாமல் ‘புரோகிரசிவ் டாக்ஸி’ கேளுங்கள். பாளையில் வழி கேட்டால் “அந்த முக்கு வரைக்கும் போங்க, அப்புறம் சொல்றேன்” என்பார்களே, அதேபோல ஒவ்வொரு திருப்பமாகச் சொல்வார். சில நிலையங்களில் முன்னால் ஓடி வழிகாட்டும் ‘ஃபாலோ மீ’ வண்டியும் வரும்.

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்கள் நிற்கும் பாதை. மஞ்சளில் கறுப்பு என்றால் திரும்பும் பாதை. சிவப்பில் வெள்ளை எழுத்து வந்தால் முன்னால் ஓடுபாதை. தெளிவான அனுமதி வாங்கி, அதைத் திருப்பிச் சொல்லாமல் தாண்டவே தாண்டாதீர்கள். சந்தேகம் வந்தால் டாக்ஸிவேயிலேயே நிறுத்திக் கேளுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். சென்னை விமான நிலைய வரைபடத்தை இன்று ராத்திரியே விரலால் தடவிப் பாருங்கள்.