2018 இல் தெரிந்த விர்ட்டனென் வால்நட்சத்திரம் 2024 இல் ஏன் தெரியவில்லை?

5.4 ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்கிறார்களே, 2024 இல் அதைப் பற்றி யாரும் பேசவே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல யாருக்கோ அதைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

நான் வாக்குக் கொடுத்தது என் தந்தைக்கு. 2018 டிசம்பர் 8 ஆம் தேதி, அமாவாசைக்கு மறுநாள் இரவு, உறவினர் பதினான்கு பேரை ஜவ்வாது மலைக்கு அழைத்துச் சென்றேன். முழங்கால் வலியால் அப்பா வரவில்லை. ஒளித்தரம் (பொலிவைக் குறிக்கும் எண், சிறியதாக இருந்தால் பொலிவு அதிகம்) 4 அளவுக்கு வரும், வெறும் கண்ணுக்கே தெரியும் என்று வழியெல்லாம் நான் பேசிக்கொண்டு வந்ததுதான் பிழையாகப் போயிற்று. அந்த எண், வால்நட்சத்திரத்தின் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் எவ்வளவு பொலிவாக இருக்கும் என்பதைத்தான் சொல்கிறது. விர்ட்டனெனின் ஒளியோ முழுநிலவைவிட அகலமான பரப்பில் ஆவியைப் போலப் பரவிக் கிடந்தது. கார்த்திகைக் கூட்டத்துக்குத் தெற்கே, 10x50 பைனாகுலரில் நான் கண்டது சாம்பல் நிறத்தில் ஒரு கறை. வால் இல்லை. சூரியனுக்கு ஏறக்குறைய நேர் எதிர்த்திசையில் அது இருந்ததால், இருந்த சிறு வாலும் அதன் முதுகுப்புறமாக, நம் பார்வைக் கோட்டிலேயே நீண்டு மறைந்துவிட்டது. நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்க்கும்படி சொன்னதும் என் மகளுக்குத் தெரிந்துவிட்டது. மைத்துனருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியின் விளக்கைப் போட்டுப் போட்டு இருட்டுக்குப் பழகிய எல்லோருடைய கண்களையும் கெடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

பூமிக்கு மிக அருகில், ஏறத்தாழ 1.16 கோடி கிலோமீட்டரில், அது வந்தது டிசம்பர் 16 ஆம் தேதி. நிலவின் தொலைவைப் போல 30 மடங்குதான். அன்று மொட்டைமாடியில் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்திருந்தேன். வங்கக் கடலில் பெய்ட்டி புயல் இருந்த நேரம், எங்கள் ஊர் வானம் முழுவதும் மேகம். பிறகு காட்டியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: நிலவு வளர்ந்து 22 ஆம் தேதி பௌர்ணமியாகிவிட்டது, அது தேய்ந்து முடிவதற்குள் வால்நட்சத்திரம் விலகி மங்கத் தொடங்கிவிட்டது, எங்கள் தெருவிளக்குகளை மீறி அதைக் காட்ட என்னால் முடியவில்லை. அதனால்தான், ஐந்தரை ஆண்டில் மறுபடி வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

உங்கள் கேள்விக்கு விடை அந்த அரை ஆண்டில்தான் இருக்கிறது. விர்ட்டனென் சூரியனை மிக நெருங்கும் இடம் விண்வெளியில் ஏறக்குறைய மாறாத ஓர் இடம், சூரியனிலிருந்து 1.055 வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தொலைவு ஓர் அலகு), அதாவது பூமியின் பாதைக்குச் சற்றே வெளியே. டிசம்பர் மாதத்தில் பூமி அந்த இடத்துக்குப் பக்கத்தில் செல்லும். 2018 இல் அது அங்கே வந்து சேர்ந்தது டிசம்பர் 12, அதனால் இருவரும் அருகருகே இருந்தோம். அதனோடு 5 ஆண்டும் சுமார் 5 மாதமும் கூட்டினால் 2024 மே 19. அது தவறாமல் அதே இடத்துக்கு வந்துவிட்டது. நாம்தான் அப்போது சூரியனுக்கு மறுபக்கத்தில் இருந்தோம். இடைவெளி 30 கோடி கிலோமீட்டர். 2018 ஐவிட 25 மடங்குக்கு மேல் தொலைவு என்றால் ஒளி 600 மடங்குக்கு மேல் குறையும், அதுவும் சூரியனை ஒட்டிய வெளிச்சத்துக்குள்.

இது சாதாரணக் கூட்டல் கணக்கு, 2018 இலேயே போட்டுப் பார்த்திருக்கலாமே என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 5.4 என்பதும் கல்லில் பொறித்த எண் அல்ல. 1948 ஜனவரியில் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்துப் புகைப்படத் தட்டில் வானியலாளர் கார்ல் விர்ட்டனென் இதைக் கண்டுபிடித்தபோது இதன் சுற்றுக்காலம் 6.7 ஆண்டு, அது குறுகிய காலத்தில் திரும்பி வரும் ஒன்று என்று தெரியவே ஓராண்டுக்கு மேல் ஆனது. இதன் பாதையின் மறுமுனை வியாழனின் பாதையை ஒட்டிச் செல்வதால், 1972 இலும் 1984 இலும் வியாழன் அருகில் இழுத்துப் பாதையைச் சுருக்கிவிட்டது. அந்த இழுப்பு இல்லாவிட்டால் சூரியனிடமிருந்து 1.6 அலகுக்கு உள்ளே அது வந்திருக்காது, 2018 இல் ஜவ்வாது மலையில் என் மைத்துனரிடம் நான் பேச்சு வாங்கியிருக்கவும் மாட்டேன்.

2024 மே மாதம் அப்பா மறக்காமல் கேட்டார். திண்ணையில் ஒரு விளக்கையும் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் வைத்து விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, அடுத்தது எப்போது என்றார். என் தோராயக் கணக்கில் 2029 அக்டோபர். அப்போது விடியற்காலை வானில் இருக்கும், 2018 ஐவிடப் பத்து மடங்கு தொலைவில். அவர் நாள்தோறும் நான்கு மணிக்கே எழுந்துவிடுபவர், ஆகவே விடியற்காலை என்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பைனாகுலர் போதாது, தொலைநோக்கி வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.