மகனுக்காகத் தந்தை போட்ட கையெழுத்து செல்லுமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் என் தகப்பனார் காலத்து வீட்டில் குடியிருக்கிறோம். பின்கட்டில் மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகியதால், அதைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டு மேலே ஓர் அறை கட்ட, சாமான் கூலி எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் ரூபாய்க்கு ஒரு மேஸ்திரியிடம் பேசி, இதுவரை 4 லட்சம் கொடுத்திருக்கிறேன். மாநகராட்சி அனுமதி வாங்கவில்லை. வேறு வீடு பிடிக்க வசதி இல்லாததால் நானும் மனைவியும் தாயாரும் மகனும் முன் அறையிலேயே தங்கினோம். ஏழு வாரங்களுக்கு முன் ஒரு மாலை, பாதிக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். இரவு கேஸ் தீர்ந்துபோக, பின்கட்டில் வைத்திருந்த சிலிண்டரை எடுக்கப் போன என் மகன் (வயது 24) மீது செங்கல்லும் கட்டையும் சரிந்து, வலது முன்கையில் இரண்டு எலும்புகளும் முறிந்தன. ஸ்டான்லி மருத்துவமனையில் தகடு வைத்தார்கள். போலீஸ் வம்பு வேண்டாமென்று, வீட்டில் வழுக்கி விழுந்தான் என்று நான்தான் சொன்னேன். மூன்றாம் நாள் மேஸ்திரி 20,000 ரூபாய் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மகன் சரக்குக் கிடங்கில் 18,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தவன். இன்னும் வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி எங்கள் தெருக்காரர் என்பதால் வழக்கு வேண்டாம் என்கிறார் என் மனைவி. மகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஐயா, சட்டத்துக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிக்காமல் விட்ட மீதிக் கூரை என்ன நிலையில் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மெட்ராஸ் டெரஸில் மரக்கட்டைகளுக்கு இடையே நெருக்கி வைத்த செங்கல், கட்டையையும் சுண்ணாம்புக் காரையையும் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. ஒரு கட்டையை உருவினால் அடுத்த கட்டைக்கு இடையில் இருக்கும் செங்கல்லும் பிடி தளர்கிறது. ஆகவே இன்றைக்கே அந்த வாசலைப் பலகை அடித்து மூடுங்கள். மூடுவதற்கு முன், உள்ளே கால் வைக்காமல் வாசலில் நின்றபடி, விழுந்த கட்டைகளையும் முட்டுக் கொடுக்காமல் நிற்கும் பகுதியையும் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து, முட்டுக் கொடுக்கச் செய்து, அவர் கண்டதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் தாயாரும் மனைவியும் அதே வீட்டில்தான் படுக்கிறார்கள் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். அந்த எழுத்து பின்னால் வழக்குக்கும் சான்றாகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முத்திரைத்தாளில் நீங்கள் போட்ட கையெழுத்து உங்கள் மகனைக் கட்டுப்படுத்தாது. 18 வயது நிறைந்தவருடைய உடலுக்கு நேர்ந்த காயத்துக்கான உரிமை அவருடையது மட்டுமே. அவர் எழுத்திலோ வாய்மொழியிலோ உங்களுக்கு அதிகாரம் கொடுக்காத நிலையில், தந்தை என்ற உறவு ஒன்றை வைத்து நீங்கள் அதை விட்டுக்கொடுக்கவோ, விலை பேசவோ, சமாதானம் செய்துகொள்ளவோ சட்டத்தில் இடமில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருந்தவரைக் கேட்காமல், மருந்துச் செலவுக்கு அலைந்துகொண்டிருந்த தகப்பனிடம் மூன்றாம் நாளே எழுதி வாங்கிய தாளுக்கு, அது முத்திரைத்தாள் என்பதால் தனிப் பலம் எதுவும் வந்துவிடாது. வாங்கிய 20,000 ரூபாயை மறைக்க வேண்டியதில்லை. கடைசியில் கிடைக்கும் இழப்பீட்டில் அது கழிக்கப்படலாம். ஆனால் இனிமேல் மேஸ்திரி எந்தத் தாளை நீட்டினாலும் மகனைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

வழக்கில் உங்களுக்கு எதிராக நிற்கப்போவது அந்தத் தாளைவிட, மருத்துவமனையில் நீங்கள் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம்தான். ஏ.ஆர். காப்பி என்று நம் ஊரில் வழங்கும் விபத்துப் பதிவேட்டு நகலில் அதுவே பதிவாகியிருக்கும். எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அதைத்தான். போலீஸுக்கு அஞ்சி அப்படிச் சொல்லும் பெற்றோரை நான் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதை மூடி மறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. போலீஸில் கொடுக்கும் வாக்குமூலத்திலும், நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் சாட்சியாகத் தாக்கல் செய்யும் நிரூபண வாக்குமூலத்திலும் (பிரமாணப் பத்திரம்), அப்படிச் சொன்னது நான்தான், மகன் அல்ல, இன்ன காரணத்தால் சொன்னேன் என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். அதோடு மருத்துவமனையில் விண்ணப்பித்துக் காயச் சான்றிதழ், எக்ஸ்ரே, அறுவை சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் வாங்குங்கள். தலையிலோ தோளிலோ மேலிருந்து விழுந்த பொருளால் ஏற்பட்ட காயம் குறிக்கப்பட்டிருந்தால், வழுக்கி விழுந்ததாகச் சொன்னதை அதுவே மறுத்துவிடும். அன்று இரவு ஓடி வந்து தூக்கிய பக்கத்து வீட்டாரின் சாட்சியமும் இங்கே மிகவும் முக்கியம்.

குற்றவியல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி அலட்சியமாக நடந்து கொடுங்காயம் விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி) பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கட்டடத்தை இடிக்கும்போதோ பழுதுபார்க்கும்போதோ அதன் பகுதி விழாமல் காக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவது 290ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். உங்கள் வீட்டில் நடந்தது அந்தப் பிரிவின் சொற்களுக்கு அப்படியே பொருந்துகிறது. புகாரை உங்கள் மகன் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியாமல், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திவிட்டால், துணை ஆணையருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரை அணுகலாம். ஆனால் இந்த வழக்கு மருத்துவச் செலவையும் இழந்த சம்பளத்தையும் மீட்டுத் தராது என்பதை உங்கள் மகன் அறிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

பணத்துக்கான வழி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நாள்கூலிக்கு ஆள் வைத்து, நீங்களே அருகில் நின்று வேலை வாங்கியிருந்தால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது என்று வாதிட இடமுண்டு. நீங்கள் மொத்தத் தொகை பேசி, வேலையை எப்படிச் செய்வது, எத்தனை ஆள் போடுவது என்பதையெல்லாம் மேஸ்திரியின் பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள். ஆகவே அது சேவை. பணம் கொடுத்தது நீங்கள் என்றாலும், உங்கள் ஒப்புதலோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுபவர் என்ற முறையில் உங்கள் மகனும் நுகர்வோர்தான் என்று 2(7)ஆம் பிரிவின்படி கோரலாம். சேவையில் அலட்சியத்தால் ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு வழங்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம்; சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்தைத் தாண்டாததால் கட்டணம் கிடையாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் கோரும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோரிக்கைத் தொகையைக் கணக்கிடும்போது மருத்துவமனைச் சீட்டுகளோடு நின்றுவிட வேண்டாம். இழந்த மாதச் சம்பளம், பிற்பாடு தகட்டை எடுக்க வேண்டியிருந்தால் அதற்கான அறுவை சிகிச்சை, பிசியோதெரபி, வலி, இவை எல்லாம் சேரும். கிடங்கில் சுமை தூக்கும் வலது கை என்பதால், அசைவு முழுதாகத் திரும்பவில்லை என்றால் மருத்துவக் குழுவிடம் ஊனச் சதவீதச் சான்றிதழ் பெறுவது அவசியம். இத்தனை வாரமாக அவருக்குச் சோறு ஊட்டி, உடை மாற்றிவிட்ட தாயின் உழைப்புக்கும் பராமரிப்புச் செலவு என்ற தலைப்பில் தொகை கேட்கலாம். வீட்டுக்காரர்கள் செய்ததுதானே என்று இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மேஸ்திரி என்ன சொல்வார் என்பதையும் பார்க்க வேண்டும். இடிந்துகொண்டிருக்கும் அறைக்குள் இருட்டில் ஏன் போனார் என்று கேட்பார். குடும்பம் அங்கேயே இருக்கிறது என்று தெரிந்தும் கயிறோ தட்டியோ கட்டாமல் போனவர் அவர்தான் என்பது அதற்குப் பதில். உங்கள் மகனிடமும் சிறிது கவனக்குறைவு இருந்ததாக ஆணையம் கருதினாலும் இழப்பீடு அந்த அளவுக்குக் குறையுமே தவிர, வழக்கு தள்ளுபடியாக வேண்டியதில்லை. அடுத்து, பொறியாளர் இல்லாமல், அனுமதி வாங்காமல், அதே வீட்டில் குடும்பத்தைத் தங்க வைத்து வேலை செய்யச் சொன்னவர் வீட்டு உரிமையாளர் என்று உங்களை நோக்கிக் கை நீட்டுவார். மேலே புதிதாக அறை கட்ட அனுமதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. உங்கள் பகுதிக்குரிய மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் வரைபடத்தோடு விண்ணப்பித்து அனுமதி கிடைக்கும் வரை மாடி வேலையைத் தொடங்காதீர்கள். ஆனால் அனுமதியில்லாக் குறைக்கு அஞ்சி மகனின் கோரிக்கையை முடக்காதீர்கள்; அது மாநகராட்சிக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம், மேஸ்திரியின் அலட்சியத்தை அது மன்னித்துவிடாது.

இங்கேதான் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வழக்கில் நீங்கள் சாட்சி. எதிர்த்தரப்பு விரும்பினால் உங்கள் மீதும் ஒரு பங்கு பழி சுமத்தப்படலாம். ஆகவே உங்கள் நலனும் மகனின் நலனும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கொடுத்த 4 லட்சத்துக்கு நடந்த வேலை எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது உங்கள் கணக்கு. அதை மகனின் காயத்தோடு சேர்த்துப் பேசாதீர்கள். பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறேன், கை விஷயத்தை விட்டுவிடுங்கள் என்று மேஸ்திரி பேரம் பேசக்கூடும். அதற்கு இணங்குவது, மகனின் கையைக் கொடுத்துக் கூரையை வாங்குவதாக முடியும். மகன் தனக்கென ஒரு வழக்கறிஞரை, நீங்கள் உடன் இல்லாமல், தனியாகச் சந்தித்துப் பேச வழி செய்யுங்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றி அவரிடம் நீங்கள் நேரில் சொல்லிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால், வழக்கறிஞரிடம் தெரிந்துகொள்வதற்கு முன் உங்களிடம் கேட்பது அவருக்கு நல்லது.

சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டது என்பதால் அவர் இ.எஸ்.ஐ.யில் இருக்க வாய்ப்புண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். காயம் வேலையிடத்தில் ஏற்படாவிட்டாலும், போதிய நாள் சந்தா செலுத்தியிருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பலனாக ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஏழு வாரம் போய்விட்டது. மருத்துவத் தாள்களோடு உடனே அவருடைய இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகட்டும்.

உங்கள் மனைவியின் கவலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே தெருவில் நாளும் முகம் பார்க்க வேண்டியவரோடு வழக்காடுவது கடினம். சமாதானமாகவும் முடிக்கலாம், அதற்கு உரிய இடத்தில் முடிக்க வேண்டும். உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மேஸ்திரியை அழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் தொகை முடிவானால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேஸ்திரி பின்வாங்கினால் நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம். நுகர்வோர் ஆணையமும் இரு தரப்பின் சம்மதத்தோடு சமரசத்துக்கு அனுப்பும். எங்கே பேசினாலும் மகன் உட்கார்ந்து, மகன் கையெழுத்திட வேண்டும்.

நுகர்வோர் மனுவுக்குக் காலக்கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். கெடு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் சான்றுகள் அதுவரை காத்திருக்காது. மேஸ்திரியோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், ஜி-பே பணப் பரிமாற்றம், வேலைக்கு முன் எடுத்த வீட்டுப் படங்கள், முத்திரைத்தாளின் நகல் ஆகியவற்றைத் திரட்டுங்கள். போனை மாற்றவோ உரையாடலை அழிக்கவோ வேண்டாம், மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். முத்திரைத்தாளின் நகல் உங்களிடம் இல்லை என்றால், அதைக் கேட்டு மேஸ்திரிக்கு இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, ரசீதையும் கடிதம் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வையுங்கள்.