ரோம் டூர்ல ராத்திரி சாப்பாட்டுக்கு நல்ல கடை

ரோம்ல ராத்திரி சாப்பிட நல்ல கடை கேட்டிருந்தீங்க, ஏழரைக்கு மேல கிளம்புங்க. ஆறு மணிக்குப் போனா நல்ல கடை எல்லாம் மூடியே இருக்குன்னு எழுதியிருக்கீங்கல்ல, ரோம்ல உள்ளூர்க்காரங்க போற ட்ராட்டோரியா (சின்ன சாப்பாட்டுக் கடை) மதியம் 3 மணி வாக்குல மூடினா ராத்திரி 7:30க்குத்தான் திறக்கும், நடுவுல திறந்திருக்கறது பெரும்பாலும் டூரிஸ்ட்டை நம்பி நடத்தற கடை, வாசல்ல ஆள் நின்னு கூப்பிடுவாங்க, மெனு பூரா ஃபோட்டோ இருக்கும்.

உங்க ஹோட்டல் டெர்மினி ரயில்வே ஸ்டேஷன் பக்கம்னா மெட்ரோ பி லைன்ல நாலாவது ஸ்டாப் பிரமிதே, இறங்கி நடந்தா டெஸ்டாச்சோ ஏரியா. அங்க வெளிய மாட்டியிருக்கற மெனுவைப் பாருங்க. சின்ன மெனுவா, அதுல காச்சியோ எ பெப்பே, கார்போனாரா, அமாத்ரிச்சானா, க்ரிச்சான்னு இந்த நாலு ரோம் பாஸ்தாவும் இருந்தா தாராளமா உள்ள போகலாம்.

அம்மா சைவம்னு சொன்னீங்க. இந்த நாலுல பன்றி இறைச்சி இல்லாதது காச்சியோ எ பெப்பே மட்டும்தான், பெக்கோரினோ சீஸும் இடிச்ச மிளகும், தட்டு சூடா வர்றப்போ வெண்பொங்கல் வாசனை அடிக்கும். ஆனா பெக்கோரினோ ரோமானோல ஆட்டுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற ரென்னெட் (பாலைத் திரிய வைக்கற பொருள்) சேர்ப்பாங்க, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க ப்ளீஸ்.

ஞாயிறு, திங்கள் லீவு விடற கடையும் உண்டு, போன் பண்ணிட்டுப் போங்க.