கையெழுத்துப் போட்டால் போதுமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. விடியற்காலையில் எழுந்து ஒவ்வொரு பாடத்தையும் ஐந்தாறு முறை படிக்கிறாள். காலாண்டுத் தேர்வில் அறிவியலில் 75க்கு 38தான். படித்ததெல்லாம் மறந்துவிடுகிறதாம். விடைத்தாளைப் பார்த்து அவள் அப்பா திட்டிக் கையெழுத்துப் போட்டார். மறுநாளே பள்ளியில் கொடுத்துவிட்டோம். டியூஷனை மாற்றலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: டியூஷன் இருக்கட்டும் சகோதரி. அந்த விடைத்தாளில் என்ன இருந்தது?

திட்டினார், கையெழுத்துப் போட்டார், கொடுத்துவிட்டோம் என்று ஒரே மூச்சில் கடந்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். 37 மதிப்பெண் எங்கே போயிற்று? குவிலென்சின் கதிர்ப்படத்தைத் தவறாக வரைந்தாளா? ஓம் விதிக் கணக்கில் அலகை விட்டாளா? நேரம் போதவில்லையா? பாடமே புரியவில்லையா? வீட்டில் மூன்று பேர் இருந்தும் ஒருவரும் பார்க்கவில்லை. பெற்றவர் கையெழுத்து என்றால் 'பார்த்தேன்' என்று பொருள். படிக்காமல் போட்டது பொய்க் கையெழுத்து. உங்கள் கணவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பெண் சோம்பேறி இல்லை. படிக்கும் வழிதான் அவளை ஏமாற்றுகிறது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிவிடும். பழகியதையே தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 42 விழுக்காடு. ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே ஒருமுறை படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் நின்றதை எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதைக் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு நாள் விட்டு மறுபடியும் எழுதட்டும். முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும், அழக்கூடச் செய்வாள். விடாதீர்கள்.

ஆசிரியரிடம் கேட்டு அந்த விடைத்தாளை இரண்டு நாளுக்கு வாங்கி வாருங்கள். ஒவ்வொரு தவறுக்கும் காரணத்தை ஒரு நோட்டில் அவளே எழுத வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதினால் ஏற்காதீர்கள்; எந்த வரியில், ஏன் என்று கேளுங்கள். அதற்கு உங்களுக்கு அறிவியல் தெரிய வேண்டியதில்லை. அப்பாவும் பக்கத்தில் உட்காரட்டும், அந்த ஒரு மணி நேரம் மதிப்பெண் பேச்சை எடுக்காமல். அரையாண்டுத் தேர்வுக்கும் இதையே செய்யுங்கள். அந்த நோட்டைப் பார்த்த பிறகும் டியூஷன் மாற்ற வேண்டும் என்று தோன்றினால், எந்தப் பாடத்துக்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.