ரோமில் டிக்கெட் வாங்காமல் எதைப் பார்க்கலாம்?

கேள்வி: அடுத்த மாதம் ரோம் போகிறேன். விமான டிக்கெட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் போக, கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். நுழைவுக் கட்டணம் இல்லாமல் பார்க்கும்படியாக உருப்படியான இடங்கள் உண்டா?

நிறைய உண்டு. வேறு பல ஊர்களில் பெரிய ஓவியர்களின் வேலையைப் பார்க்க மியூசியத்துக்குக் காசு கொடுத்தாக வேண்டும். ரோமில் போப்புகளும் கார்டினல்களும் பணக்காரக் குடும்பங்களும் கலைஞர்களைக் கூப்பிட்டு சர்ச்சுகளுக்காக வரையவும் செதுக்கவும் வைத்தார்கள். அவற்றில் பல இன்றும் அதே சுவரில்தான் இருக்கின்றன, பெரும்பாலான சர்ச்சுகளுக்குக் கட்டணமும் இல்லை. அதனால் சர்ச்சுகளை வைத்தே உங்கள் நாளைத் திட்டமிடுங்கள். பக்தி இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம்.

முதலில் பியாட்சா நவோனா பக்கத்தில் சான் லூயிஜி தெய் பிரான்செசி. உள்ளே போய் இடது பக்கம் கடைசிச் சேப்பலில் (சர்ச்சுக்குள் இருக்கும் சிறு வழிபாட்டு இடம்) இத்தாலிய ஓவியர் கரவாஜியோ, இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்கள். இடது சுவரில் இருப்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். வரி வசூலிப்பவர்கள் மேசையில் காசு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், வலது ஓரத்திலிருந்து இயேசு மத்தேயுவை அழைத்துக் கை நீட்டுகிறார். ஓவியத்துக்குள் வெளிச்சம் விழுவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். சேப்பலின் நிஜ ஜன்னலும் அதே பக்கம்தான் இருக்கிறது. 1600 வாக்கில் இந்த இடத்துக்கென்றே வரைந்த படம், இங்கே நின்று பார்த்தால்தான் அந்தக் கணக்கு பிடிபடும். இந்த மாதிரி இருண்ட சேப்பல்கள் சிலவற்றில் காசு போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும் பெட்டி வைத்திருப்பார்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யாராவது ஒரு குழு வந்து போடும், கூடவே நின்று பார்த்துவிடலாம்.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் சான்ட் அகோஸ்தினோ. அங்கே கரவாஜியோவின் மாதா படத்தில் மண்டியிட்டிருக்கும் ஏழை யாத்திரிகரின் அழுக்குப் பாதம் நம் முகத்துக்கு நேராக இருக்கும். பியாட்சா தெல் போபோலோவில் உள்ள சாந்தா மரியா சர்ச்சில் அவருடைய இன்னும் இரண்டு ஓவியங்கள். ஆக, ஒரு பைசா இல்லாமல் ஆறு கரவாஜியோ.

தமிழர்கள் தவறவிடக் கூடாதது இல் ஜெசு, இயேசு சபையினரின் தலைமைச் சர்ச். பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவாவில் இருந்தாலும் அவருடைய வலது முன்கை இங்கே ஒரு பீடத்தின் மேல் பேழையில் இருக்கிறது. 1614இல் துண்டித்து ரோமுக்கு அனுப்பியது. 1540களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சிலிர்ப்பாகத்தான் இருக்கும். மாலை ஐந்தரைக்குப் போனால் எதிர்ப்பக்கப் பீடத்தில் இசை, வர்ணனையோடு பெரிய ஓவியம் ஒன்று கீழே இறங்க, பின்னாலிருந்து இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸின் சிலை வெளிப்படும். ஆந்த்ரேயா போட்சோ என்ற இயேசு சபைச் சகோதரர் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த பீடம் அது. அவரே பக்கத்து சான்ட் இக்னாசியோவில், குவிமாடம் இல்லாத கூரையில், இருப்பது போலவே ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார். அங்கே செல்ஃபிக்காக ஒரு கண்ணாடி வைத்து அதற்கு நீள வரிசை நிற்கும். வரிசையை விட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள், அது போதும்.

கொலோசியம் பக்கம் போகும்போது சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை. பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் இலவசம் என்று பழைய பதிவுகளில் படித்திருப்பீர்கள். 2023 ஜூலை முதல் சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டணம் உண்டு. வத்திக்கானில் புனித பேதுரு பசிலிக்கா இலவசம், மைக்கேலாஞ்சலோவின் பியத்தா (இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மாதா சிலை) உள்ளே நுழைந்ததும் வலது பக்கம். குவிமாடத்தில் ஏறத்தான் காசு. அங்கே நிற்கும் வரிசை பாதுகாப்புச் சோதனைக்கானது, காலை ஏழு மணி வாக்கில் போய்விட்டால் வெயிலில் காய வேண்டாம்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில சர்ச்சுகளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் சின்ன சர்ச்சுகள் பல மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி, மூன்று நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தை வெளியில் சுற்ற வைத்துக்கொள்ளுங்கள். ஜானிகோலோ குன்றில் தினமும் நண்பகலில் பீரங்கி வெடிப்பார்கள், 1904 முதல் அங்கே நடக்கிற வழக்கம். ஊர் முழுக்க அங்கிருந்து தெரியும்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு மியூசியங்களும் கொலோசியமும் இலவசம், கடைசி ஞாயிறு காலை வத்திக்கான் மியூசியம் இலவசம். எனக்கு இரண்டிலும் பெரிய விருப்பமில்லை. நெரிசலில் மற்றவர்கள் முதுகைப் பார்த்துவிட்டு வருவதற்கு, வேறொரு நாள் காசு கொடுத்தே போகலாம். பழைய ரோமின் மையமாக இருந்த ஃபோரத்தைப் பார்க்க மட்டும் என்றால், காம்பிதோலியோ சதுக்கத்தில் மேயர் அலுவலகக் கட்டடத்தின் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். மொத்த இடிபாடும் காலடியில் விரியும், இரவில் விளக்கு வெளிச்சத்தில் இன்னும் அழகு.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவெங்கும் வளைந்த மூக்கோடு சின்ன இரும்புக் குழாய்கள் இரவும் பகலும் குடிதண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சும், குனியாமல் குடிக்கலாம். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்தால் அபராதம், அதையும் கவனியுங்கள். இலவச நடைச் சுற்றுலா என்று வருபவை முடிவில் டிப்ஸை எதிர்பார்ப்பவை, அதற்கு ஒரு தொகை ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். முன்பதிவுத் தொகையில் பல சமயம் அது சேர்ந்திருக்காது, கிளம்பும் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.